இறந்த செவியும் உயிர்ச் செவியும்: கெயோர்க் வொன் பேகேஷியின் ஆய்வு வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

விஞ்ஞானத்தின் வரலாற்றை மேதைகளின் வரிசையாக எழுதும் மரபு நம்மிடையே இன்றும் வலுவாகவே நிலவுகின்றது. மேதையொருவர் தோன்றுகிறார்; ஓர் உண்மையைக் கண்டறிகிறார்; பரிசு பெறுகிறார்; மறைகிறார். இவ்வாறு எழுதப்படும் வரலாற்றில், அவர் எந்தச் சமுதாயத் தேவையை ஒட்டித் தமது கேள்வியைக் கேட்டார், எக்கருவிகளைக் கொண்டு விடை தேடினார், அவ்விடையில் எது நிலைத்தது, எது பின்வந்தோரால் திருத்தப்பட்டது என்னும் வினாக்களுக்கு இடம் கிடைப்பதில்லை. இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது புகழுரையேயன்றி வரலாறன்று.

உட்செவியின் இயக்கத்தையும் செவிப்புலன் இழப்பையும் பற்றிய இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியில் முதன்மையாகப் பேசப்படும் பெயர் கெயோர்க் வொன் பேகேஷி என்பது. 1899ஆம் ஆண்டு புடாபெஸ்ற் நகரிற் பிறந்து, 1972இல் ஹொனலூலுவில் மறைந்த இவர், மருத்துவப் பட்டம் எதனையும் பெறாத ஒரு பௌதிகவியலாளர். எனினும், நத்தைச்சுருளினுள் ஒலி எவ்வாறு தூண்டலை ஏற்படுத்துகின்றது என்பதன் பௌதிகப் பொறிமுறையைக் கண்டறிந்தமைக்காக 1961ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. இவர் கண்டவற்றுள் அடிப்படையான ஒன்று இன்றும் நிலைத்து நிற்கின்றது. அதனோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு முடிவோ அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழியுமுன்னரே கைவிடப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவரது வெற்றியும் அவரது எல்லையும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை என்பது நாம் இங்கு நிறுவ முயலும் கருத்து.

2. பேகேஷிக்கு முன்னர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, தலைசுற்றலோடு கூடிய செவிட்டுத்தன்மை மூளையில் இரத்தம் மிகுதியாகத் தேங்குவதால் விளைவதெனவே மருத்துவர் கருதினர். பாரிஸ் நகரிலிருந்த செவிடர் ஊமையர் கல்விநிலையத்தின் தலைமை மருத்துவராகப் பணியாற்றிய புறொஸ்பர் மெனியேர், 1861இல் இக்கருத்தை மறுத்தார். தலைசுற்றல், காதிரைச்சல், செவிப்புலன் குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நோயின் உறைவிடம் மூளையன்று, உட்செவியே என அவர் வாதிட்டார். மூளையின் நோயாளிகளாகக் கருதப்பட்டு இரத்தம் வடிக்கப்பட்டோர் செவியின் நோயாளிகள் என்பது அன்று ஏற்பதற்கு எளிதான கூற்றன்று. அவர் பெயராலேயே அந்நோய் இன்று வழங்குகின்றது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1851இல், இத்தாலியரான அல்பொன்சோ கோர்ட்டி நத்தைச்சுருளினுள் அமைந்த நுண்ணிய புலனுறுப்பை நுணுக்குக்காட்டியின் வழியாக விவரித்திருந்தார். சுருளை விரித்தால் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு குழாய். அதனை நீளவாக்கிற் பிரிக்கும் அடிமென்சவ்வு. அதன்மீது வரிசை வரிசையாக மயிர்க்கலங்கள். அமைப்புத் தெரிந்துவிட்டது. இயக்கமே தெரியவேண்டியிருந்தது.

1863இல் ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் ஒரு விடையை முன்வைத்தார். அடிமென்சவ்வு தொடக்கத்திற் குறுகியும் முடிவில் அகன்றும் இருக்கின்றது. எனவே அதன் குறுக்கிழைகள் பியானோவின் கம்பிகளைப் போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு மீடிறனுக்குப் பரிவுறுகின்றன என்பது அவர் கொள்கை. இதனை ஏற்காதோரும் இருந்தனர். 1886இல் றதர்போட் என்பார் சவ்வு முழுவதும் தொலைபேசியின் தகட்டைப் போல ஒருங்கே அதிர்கின்றது, பகுத்தறியும் வேலை மூளைக்குரியது என்றார். 1899இல் ஏவால்ட் என்பார் சவ்வின்மீது நிலையான அலைகள் தோன்றுகின்றன என்றார். அலை ஒன்று சவ்வின் வழியே ஓடுகின்றது என்ற ஊகமும் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது.

ஒவ்வொரு கொள்கைக்கும் அதன் காலத்தின் கருவியே உவமையாக அமைந்தமை ஈண்டு நோக்கற்பாலது. பியானோ செல்வர் இல்லங்களின் அடையாளமாக விளங்கிய காலத்திற் செவி பியானோவாயிற்று. தொலைபேசி வந்ததும் செவி தொலைபேசியாயிற்று. எவரும் நத்தைச்சுருளினுள் அச்சவ்வு அசைவதைக் கண்ணாற் கண்டதில்லை. கண்டிராத பொருளைப் பற்றிய விவாதம் அறுபது ஆண்டுகள் நடைபெற்றது.

3. தொலைபேசியும் செவியும்

பேகேஷி ஒரு இராசதந்திரியின் மகன். தந்தையின் பணி காரணமாக மியூனிச், கொன்ஸ்தாந்திநோப்பிள், புடாபெஸ்ற், சூரிச் ஆகிய நகரங்களிற் கல்வி கற்றார். பேர்ன் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்று, 1923இல் புடாபெஸ்ற் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் பட்டம் பெற்ற நாடு போரில் தோற்ற நாடு. 1918இல் ஒஸ்திரிய ஹங்கேரியப் பேரரசு சிதைந்தது. 1919இல் சோவியத் குடியரசு ஒன்று 133 நாட்கள் நிலவி வீழ்த்தப்பட்டது. 1920இன் திறியானன் உடன்படிக்கையால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் இல்லை.

நவீன கருவிகள் எஞ்சியிருந்த ஓர் இடம் ஹங்கேரிய அஞ்சற்றிணைக்களத்தின் தொலைபேசி ஆய்வுகூடமாகும். இதற்குக் காரணம் அறிவின்மீது அரசு கொண்ட காதலன்று. ஐரோப்பாவின் பன்னாட்டுத் தொலைபேசிக் கம்பிகள் ஹங்கேரியினூடாகவே சென்றன. அவை பழுதுற்றால் அயல்நாடுகள் முறையிட்டன. எனவே கம்பிகளைச் செம்மையாக வைத்திருக்க ஓர் ஆய்வுகூடம் இன்றியமையாததாயிற்று. பேகேஷி 1923இல் அங்கு சேர்ந்து 1946வரை பணியாற்றினார். இடையே 1926, 1927இல் ஓராண்டு பேர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் இருந்தார்.

தொலைபேசித் தொகுதியின் எப்பகுதியைத் திருத்துவதற்குப் பணம் செலவிடுவது பயன்தரும் என்பதே பொறியியலாளர் முன்னிருந்த வினா. இதற்கு விடையளிக்க வேண்டுமாயின், அத்தொகுதியின் இறுதிக் கருவியாகிய மனிதச் செவி எத்துணை நுட்பமானது என்பது தெரிதல் வேண்டும். செவி பகுத்தறிய முடியாத குறைகளை நீக்குவது வீண்செலவு. இவ்வாறு, கம்பியையும் ஒலிவாங்கியையும் ஆராய வந்த பொறியியலாளர் கம்பியின் மறுமுனையில் இருந்த உறுப்பை ஆராயத் தலைப்பட்டார்.

இது ஹங்கேரிக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் ஹாவி பிளெச்சரும் அவரது குழுவினரும் இதே காலத்திற் பேச்சையும் செவிப்புலனையும் அளந்துகொண்டிருந்தனர். தொலைபேசியின் தோற்றமே செவிடரோடு தொடர்புடையது. 1876இல் அதற்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிறகாம் பெல் செவிட்டுப் பிள்ளைகளின் ஆசிரியர். அவர் தாயும் மனைவியும் செவிப்புலன் இழந்தவர்கள். அப்பிள்ளைகளுக்குச் சைகை மொழியை விலக்கி வாய்மொழியையே கற்பிக்கவேண்டும் என வாதிட்டவரும் அவரே என்பதை நாம் மறத்தலாகாது. செவிடர் பொருட்டுச் செவியைப் பற்றிச் சிந்தித்தவர்கள் செவிடரின் சொந்த மொழியை மதிக்கத் தவறினர். தொலைபேசி வணிகம் பின்னர் செவியறிவியலை வளர்த்தது. ஆனால் அதன் நாட்டம் கேட்கும் வாடிக்கையாளரின் செவியிலேயே இருந்தது.

4. கொள்கைகளிலிருந்து அளவீட்டுக்கு

பேகேஷியின் தனிச்சிறப்பு, போட்டியிட்ட கொள்கைகளுள் ஒன்றைத் தேர்ந்து அதற்காக வாதாடாமையில் உள்ளது. திரவம் நிரம்பிய குழாயில் இறப்பர்ச் சவ்வைப் பொருத்தி அவர் மாதிரிகளைச் செய்தார். சவ்வின் விறைப்பையும், சவ்வின் அடுத்தடுத்த பகுதிகளுக்கிடையிலான பிணைப்பையும் மாற்றிக்கொண்டே சென்றால், ஹெல்ம்ஹோல்ற்ஸின் பரிவு, றதர்போட்டின் தொலைபேசி, ஏவால்டின் நிலையலை, ஓடும் அலை ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுவதைக் கண்டார். அதாவது, பகைக் கொள்கைகளாகத் தோன்றிய நான்கும் ஒரே பௌதிகத் தொகுதியின் நான்கு நிலைகளே. அவ்வாறாயின் எது சரியென வாதிடுவதிற் பயனில்லை. மனிதச் சவ்வின் விறைப்பு எவ்வளவு என்பதை அளப்பதே செய்யத்தக்கது. அறுபதாண்டு விவாதம் ஓர் அளவீட்டுப் பிரச்சினையாகக் குறுகியது. விஞ்ஞான முறை என்பதன் உட்பொருளை இதனினும் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டுகள் சிலவே.

அளவீடோ எளிதன்று. நத்தைச்சுருள் மனித உடலின் மிகக் கடினமான எலும்பினுள் புதைந்துள்ளது. மருத்துவமனைகளிலிருந்து இறந்தோரின் பொட்டெலும்புகளைப் பெற்று, அவற்றைத் திரவத்துள் அமிழ்த்தி, நீர் பாய்ந்துகொண்டிருக்கையிலேயே நுணுக்குக்காட்டியின் கீழ் நுண்ணிய துளைகருவிகளால் எலும்பைக் குடைந்து அவர் சுருளைத் திறந்தார். மென்சவ்வு ஒளி ஊடுருவத்தக்கது. எனவே அதன் அருகிலுள்ள றைஸ்னரின் மென்சவ்வின்மீது வெள்ளித் துகள்களைத் தூவினார். ஒலியைச் செலுத்தி, அதன் மீடிறனோடு இணங்கி விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் வெளிச்சத்திற் பார்த்தபோது, துகள்களின் அசைவு மெல்ல நகரும் அலையாகத் தோன்றியது.

அவர் கண்டது இதுவே: ஏந்தியுரு எலும்பு நீள்வட்டப் பலகணியை அசைக்கும்போது, சவ்வின் அடிப்பகுதியிலிருந்து நுனியை நோக்கி ஓர் அலை ஓடுகின்றது. அது செல்லச் செல்ல வீச்சம் பெருகி, ஓரிடத்தில் உச்சத்தை அடைந்து, பின்னர் விரைவாக அடங்குகின்றது. உயர் மீடிறன்களின் உச்சம் அடிப்பகுதிக்கு அண்மையிலும், தாழ் மீடிறன்களின் உச்சம் நுனிக்கு அண்மையிலும் அமைகின்றன. சவ்வில் நுண்ணிய பிளவை ஏற்படுத்தினாலும் அதன் விளிம்புகள் விலகிச் சுருங்கவில்லை. எனவே அது இழுத்துக் கட்டிய கம்பிகளின் தொகுதியன்று. ஹெல்ம்ஹோல்ற்ஸின் பியானோ வீழ்ந்தது. ஆனால் மீடிறனுக்கு இடமுண்டு என்ற அவரது அடிப்படைக் கருத்து வேறு வடிவில் உயிர்பிழைத்தது. 1928இல் வெளிவரத் தொடங்கிய இவ்வாய்வுகள் பின்னர் எலி முதல் யானை வரையிலான விலங்குகளின் செவிகளுக்கும் விரிக்கப்பட்டன.

5. நோயாளியை நோக்கி

தொலைபேசிக்காகத் தொடங்கிய ஆய்வு செவிப்புலன் இழந்தோரின் பயன்பாட்டுக்கும் வந்தது. 1932இல் பேகேஷி ஓர் எளிய, ஆயினும் ஆழ்ந்த பரிசோதனையைச் செய்தார். ஒரே மீடிறனுள்ள ஒலியைக் காற்றின் வழியாகவும் மண்டையோட்டின் எலும்பு வழியாகவும் செலுத்தி, ஒன்றன் வீச்சத்தையும் அவத்தையையும் தகுந்தவாறு மாற்றியபோது, இரண்டும் ஒன்றையொன்று அழித்து, கேட்போருக்கு நிசப்தமே எஞ்சியது. இரு வழிகளில் வந்த ஒலியும் உட்செவியில் ஒரே பொறிமுறையையே இயக்குகின்றன என்பது இதனால் நிறுவப்பட்டது. காற்றுவழி கேளாதவர் எலும்புவழி கேட்பாராயின் பழுது நடுச்செவியில் உள்ளது, உட்செவியில் இல்லை எனக் கூறும் மருத்துவப் பரிசோதனைக்கு இது உறுதியான பௌதிக அடித்தளத்தை அளித்தது.

1944 டிசெம்பரிலிருந்து 1945 பெப்ரவரிவரை புடாபெஸ்ற் முற்றுகைக்குள்ளாகிப் பேரழிவுற்றது. 1946இல் பேகேஷி சுவீடனுக்குச் சென்றார். ஸ்ரொக்ஹோமில் இருந்தபோது புதுவகைக் கேள்திறன்மானி ஒன்றை அமைத்து 1947இல் வெளியிட்டார். அதுவரை பரிசோதகர் ஒலியைக் கூட்டிக் குறைத்து, கேட்கின்றதா என வினவி, விடையைக் குறித்துக்கொண்டார். புதிய கருவியில் நோயாளியின் கையிலேயே பொத்தான் இருந்தது. ஒலி கேட்கும்வரை அவர் அதை அழுத்துவார், ஒலி குறையும். கேளாதபோது விடுவார், ஒலி கூடும். மீடிறன் மெல்ல மெல்ல மாற, ஓர் எழுதுகோல் மேலும் கீழுமாக அசைந்து அவரது கேள்திறனைத் தாளில் வரைந்துவிடும். நோயாளி ஆராயப்படும் பொருள் என்ற நிலையிலிருந்து, தம்மைத் தாமே அளப்பவர் என்ற நிலைக்கு உயர்ந்தார். 1960இல் ஜேம்ஸ் ஜேர்கர் இவ்வரைபுகளை வகைப்படுத்தி, நத்தைச்சுருளிலுள்ள பழுதையும் செவிநரம்பிலுள்ள பழுதையும் வேறுபடுத்த அவை உதவும் எனக் காட்டினார். பின்னாளில் மின்னணு முறைகள் இதன் இடத்தைப் பெற்றனவாயினும், தொழிற்சாலைகளிலும் படைகளிலும் பெருந்தொகையினரின் செவிகளைச் சோதிக்க இக்கருவி நெடுங்காலம் பயன்பட்டது.

தொழிற்சாலையைப் பற்றிக் குறிப்பிடுகையில் ஒரு பழைய ஆய்வை நினைவுகூர்தல் பொருந்தும். 1886இல் கிளாஸ்கோ நகரின் மருத்துவர் தோமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரையும், இரும்பு வார்ப்போர் 100 பேரையும், கடிதம் விநியோகிப்போர் 100 பேரையும் ஒப்பிட்டுச் சோதித்தார். கொதிகலன் தொழிலாளருள் ஒருவருக்கேனும் இயல்பான செவிப்புலன் இருக்கவில்லை. செவிப்புலன் இழப்பு முதுமையின் விதி மட்டுமன்று, உழைப்பின் நிலைமைகளும் அதனை விளைவிக்கின்றன என்பது பேகேஷி பிறப்பதற்கு முன்னரே எண்ணிக்கையாற் காட்டப்பட்டிருந்தது. இரைச்சலால் வரும் பழுது உயர் மீடிறன்களிலேயே முதலில் தோன்றுவது தொழிலாளருக்கு ஒரு தீங்கு. சாதாரண உரையாடலில் அது உடனே புலப்படுவதில்லை. புலப்படும்போது காலம் கடந்துவிடுகின்றது. கேள்திறனை மீடிறன் வாரியாக வரைந்து காட்டும் கருவியின் சமுதாயப் பயன் இங்கேதான் உள்ளது.

1947இல் பேகேஷி அமெரிக்கா சென்று ஹாவாட் பல்கலைக்கழகத்தின் உளவொலியியல் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அவ்வாய்வுகூடம் 1940இல் போர் விமானங்களின் இரைச்சலில் பேச்சுத் தொடர்பு கொள்ளும் சிக்கலை ஆராய்வதற்காக நிறுவப்பட்டது. முதலில் தொலைபேசி, பின்னர் போர்: செவியின் ஆராய்ச்சிக்கு நிதியளித்தவை இவையே. அங்குதான் பேகேஷி நத்தைச்சுருளின் நடுக்கானிலுள்ள திரவம் சூழலைவிட ஏறத்தாழ 80 மில்லிவோல்ற்று நேர்மின்னழுத்தம் உடையதெனக் கண்டு, 1952இல் வெளியிட்டார். மயிர்க்கலங்களுக்கு ஒரு மின்கலவடுக்கைப் போல இது பயன்படுகின்றது. மெனியேர் நோயில் இத்திரவமே அளவுமீறிப் பெருகி அக்கானை வீங்கச் செய்கின்றது என்பதை 1938இல் லண்டனில் ஹோல்பைக், கேன்ஸ் ஆகியோரும், யப்பானில் யமகாவாவும் இறந்தோரின் செவிகளிற் கண்டிருந்தனர். மெனியேரின் 1861ஆம் ஆண்டுக் கூற்று எழுபத்தேழு ஆண்டுகளின் பின் நுணுக்குக்காட்டியின் கீழ் உறுதிப்பட்டது.

6. விடுபட்ட வினா

பேகேஷி கண்ட அலையில் ஒரு குறை இருந்தது. அதன் உச்சம் மிக அகன்றது. மிக அண்மையான இரு மீடிறன்களின் அலைகள் சவ்வின் பெரும்பகுதியில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மனிதச் செவியோ அத்தகைய இரு சுரங்களை எளிதிற் பிரித்தறிகின்றது. சவ்வு மழுங்கலாகக் காட்டுவதைச் செவி கூர்மையாக அறிவது எங்ஙனம்?

நரம்புத் தொகுதியே கூர்மையை அளிக்கின்றது என்பது பேகேஷியின் விடை. இதனைக் காட்ட அவர் நத்தைச்சுருளின் பெரிய மாதிரி ஒன்றைச் செய்து, அதன்மேல் முன்கையை வைக்கச் செய்தார். குழாயின் வழியே அலை ஓடியபோது கையின் முழு நீளமும் அதிர்ந்தது. எனினும் சில சென்ரிமீற்றர் அளவான ஒரு சிறு பகுதி மட்டுமே அதிர்வதாக உணரப்பட்டது. வலுவான தூண்டல் அயலிலுள்ள மெலிந்த தூண்டல்களை அடக்கிவிடுகின்றது. செவியிலும் இவ்வாறே நிகழ்கின்றது என அவர் கருதினார். 1967இல் வெளிவந்த அவரது நூல் இக்கருத்தையே விரித்துரைத்தது.

1948இல் கேம்பிறிட்ஜில் பணியாற்றிய தோமஸ் கோல்ட் என்ற இளைஞர் வேறொரு விடையைக் கூறியிருந்தார். வியன்னாவிற் பிறந்து, போர்க்காலத்தில் றேடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் அவர். நத்தைச்சுருள் திரவத்தால் நிரம்பியது. நீருள் ஆழ்த்திய யாழின் நரம்பைத் தெறித்தால் ஒலி உடனே மடிந்துபோகும். திரவத்தின் தணிப்பை வென்று கூர்மையாகப் பரிவுறவேண்டுமாயின், செவி வந்த ஒலியை வாங்கிக்கொள்வதோடு நில்லாது, தானே சத்தியைச் சேர்த்து அசைவைப் பெருக்குதல் வேண்டும் என்றார். வானொலிப் பொறியியலாளர் அறிந்த நேர்ப் பின்னூட்டம் என்னும் முறை இதுவே. இக்கருத்திலிருந்து வியப்பான ஒரு முடிவும் பிறந்தது: சில வேளைகளிற் செவி தானே ஒலியை வெளியிடக்கூடும்.

கோல்டின் கட்டுரை அக்காலத்திற் பெரும்பாலும் புறக்கணிக்கப்பட்டது. கண்ணாற் கண்ட அலை ஒருபுறம். இளம் பொறியியலாளரின் கணிப்பு மறுபுறம். அவர் செவியாராய்ச்சியை விட்டு வானியலுக்குச் சென்றுவிட்டார். இதனைத் தனியொருவரின் பிடிவாதமாகக் காண்பது தவறு. நோக்கலைப் போற்றும் ஒரு துறை, நோக்கப்பட்ட பொருள் எத்தகையது என்பதை மறந்தமையே இதன் காரணம். பேகேஷியின் செவிகள் இறந்தவை. அவற்றிலுள்ள அசைவைக் காண்பதற்கு அவர் உயிருள்ளோரின் செவி தாங்கவியலாத பேரொலியைச் செலுத்த வேண்டியிருந்தது. மிக மெல்லிய ஒலியில், அதாவது உயிர்ச் செவியின் நுட்பம் வெளிப்படும் நிலையில், அவரால் எதனையும் காண முடியவில்லை. கருவி காட்டிய உண்மை, கருவி காட்டாத உண்மையை மறைத்துவிட்டது.

7. உயிர்ச் செவி பேசியது

1971இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் றோட், உயிருள்ள குரங்கின் சவ்வு அசைவைக் கதிரியக்க முறையொன்றால் அளந்தார். மெல்லிய ஒலியில் அசைவு விகிதாசாரத்துக்கு மீறிப் பெருகியிருந்தது. குரங்கு இறந்த பின்னர் அவ்வியல்பு மறைந்தது. 1975இல் றையன், டலோஸ் ஆகிய இருவர், மருந்தினால் வெளி மயிர்க்கலங்கள் மட்டும் அழிக்கப்பட்ட விலங்குகளின் கேள்திறன் பெரிதும் வீழ்வதைக் காட்டினர். மனிதச் செவியில் வெளி மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 12,000. உள் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 3,500. மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பிழைகளுள் மிகப் பெரும்பாலானவை எண்ணிக்கையிற் குறைந்த உள் மயிர்க்கலங்களோடே தொடர்புற்றவை. அவ்வாறாயின் எஞ்சிய ஆயிரக்கணக்கான வெளிக் கலங்களின் தொழில் யாது என்ற வினா எழுந்தது.

1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், காதுக்குள் நுண்ணிய ஒலிவாங்கியை வைத்து, ஒரு சிறு சொடுக்கொலியைச் செலுத்திக் காத்திருந்தார். சில மில்லிசெக்கன்களின் பின் செவியிலிருந்து ஒரு மெல்லிய எதிரொலி வந்தது. உட்செவி பழுதுற்றோரிடம் அது வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கோல்ட் கூறியது உண்மையாயிற்று. செவி ஒலியை வெளியிடுகின்றது. 1982இல் மேற்கு ஒஸ்திரேலியாவில் செலிக், பற்றூசி, ஜோன்ஸ்ரன் ஆகியோர் பழுதுறாத உயிர்ச் சவ்வு நரம்பிழையின் அளவுக்கே கூர்மையாக அசைவதைக் காட்டினர். கூர்மை நரம்பிற் பிறப்பதன்று, சவ்விலேயே உள்ளது. 1985இல் வில்லியம் பிறவுனலும் அவரது குழுவினரும் தனித்தெடுத்த வெளி மயிர்க்கலம் மின்மாற்றத்துக்கேற்பச் சுருங்கி நீள்வதைக் கண்டனர். 2000ஆம் ஆண்டில் இதனைச் செய்யும் புரதமும் இனங்காணப்பட்டது. வெளி மயிர்க்கலங்கள் செவியின் இயந்திரங்கள். இறப்போடு முதலில் நின்றுபோவனவும் அவையே.

இக்கண்டுபிடிப்பு ஆய்வுகூடத்தோடு நிற்கவில்லை. கெம்பின் எதிரொலி, பேசவும் பொத்தானை அழுத்தவும் இயலாத பச்சிளங்குழந்தையின் செவியைச் சில நிமிடங்களிற் சோதிக்கும் முறையாயிற்று. முன்னர் இரண்டு மூன்று வயதில், பேச்சு வராதபோதே அறியப்பட்ட செவிட்டுத்தன்மை, இன்று பல நாடுகளிற் பிறந்த சில நாட்களிலேயே அறியப்படுகின்றது. உட்செவி இழப்பிற் பெரும்பகுதி வெளி மயிர்க்கலங்களின் இழப்பே என்பதும் தெளிவாயிற்று. ஒலியை வெறுமனே உரப்பாக்கினால் போதாது, இழந்த கூர்மை அதனால் மீளாது என்பதும் இதனாற் புரிந்தது. கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை என முதியோர் கூறுவதன் பொருள் இதுவே.

8. மதிப்பீடு

பேகேஷி தோற்றுவிட்டாரா? அன்று. ஓடும் அலை உயிர்ச் செவியிலும் ஓடுகின்றது. மீடிறனுக்குரிய இடம் அவர் காட்டிய ஒழுங்கிலேயே அமைந்துள்ளது. 1957இல் பாரிசில் ஜூர்னோ, ஏயிரியேஸ் ஆகியோரும், 1961இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுசும் தொடங்கிய உட்செவி மின்வாய்ப் பொருத்தல், 1978இல் மெல்பேணில் கிறேம் கிளாக் பல மின்வாய்களைப் பயன்படுத்தியபோது புதிய நிலையை எய்தியது. எந்த மின்வாய் எந்த மீடிறனுக்கு என்பதைத் தீர்மானிப்பது இடத்துக்கும் மீடிறனுக்கும் உள்ள தொடர்பேயாகும். பேகேஷி இறந்த செவியில் வரைந்த வரைபடம், கேளாத உயிர்ச் செவிக்கு வழிகாட்டியாயிற்று. அவர் தவறியது அலையில் அன்று; அலையே முழுக்கதை என எண்ணியதில்.

தொலைபேசித் திணைக்களத்தின் தேவையும், பொறியியலாளரின் கருவிகளும், மருத்துவமனைகள் தந்த இறந்தோரின் எலும்புகளும் அவருக்குக் கண்டறிதலைச் சாத்தியமாக்கின. அவையே அவரது எல்லையையும் வகுத்தன. செவியைப் பெறுகருவியாகவே காணும் தொலைபேசியியலின் பார்வையில், அது சத்தியைச் சேர்க்கும் உறுப்பாகத் தோன்றுவதற்கு இடமில்லை.

1960இல் வெளிவந்த தமது பெருநூலில் பேகேஷி ஒரு கருத்தைச் சற்று நகைச்சுவையோடு கூறுகின்றார். ஆய்வாளர் தவறுகளைத் தவிர்க்க நண்பர் உதவுவர். நண்பரினும் மேலாக உதவுபவர் பகைவர். அவர் நம் தவறுகளைத் தேடுவதற்குத் தம் காலத்தைக் கூலியின்றிச் செலவிடுவார். ஆனால் திறமையான பகைவர் கிடைப்பது அரிது. கிடைத்தவரும் நண்பராகிவிடுகின்றனர் என்பது அவர் குறை. 1948இலேயே அவருக்கு அத்தகைய ஒரு பகைவர் கிடைத்திருந்தார். அவரை இனங்காணத் துறை தவறியது. 1966இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கும் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆதரவில் அமைந்த ஆய்வுகூடத்திற் பணியாற்றி, 1972இல் மறைந்த பேகேஷி, தம் கருத்தைத் திருத்திய பரிசோதனைகளுட் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. பெரியோரின் நூல்களை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் கல்விமுறை நிலவும் சமுதாயங்கள் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். ஆசிரியரை மறுக்கும் மாணவர் இல்லாத இடத்தில் ஆசிரியரின் உண்மையும் வளர்வதில்லை.

இறுதியாக ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, செவிப்புலன் இழப்புக்குப் பரிகாரம் வேண்டி நிற்போர் உலகில் 43 கோடிக்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கின்றனர். உட்செவியின் இரகசியம் பெருமளவு அவிழ்ந்துவிட்டது. அதன் பயன் இன்னும் பங்கிடப்படவில்லை. தொலைபேசி வாடிக்கையாளரின் செவியிலிருந்து தொடங்கிய இவ்வறிவு, கொதிகலன் அருகே நின்ற தொழிலாளியின் செவிக்கும், வறிய வீட்டில் பிறந்த குழந்தையின் செவிக்கும் சென்று சேரும்போதே அதன் வரலாறு நிறைவுபெறும். அது விஞ்ஞானிகளால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று.